சத்தமாகப் படிக்க வேண்டாம்

கோட்டை, சேலம்
8 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன். பத்து மணி டீயின்போது, ஆபீஸ் முழுக்கச் சுற்றி நிற்க, "யாருன்னு சொல்லு அம்மிணி" என்று கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. மறுபடி கேட்டீர்கள், அப்போதும் சொல்லவில்லை. என் தேர்வு விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டு, "பேரச் சொல்லிப்போட்டுக் கையெழுத்த வாங்கிக்க" என்றீர்கள். "சரிங்க ஐயா" என்றேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறிவிட்டேன். அந்தச் "சரிங்க" பெயரைச் சொல்வதற்கான சம்மதம் என்று நினைத்திருந்தால் மன்னியுங்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வாயில் வரக்கூடிய ஒரே வார்த்தை அதுதான்.

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். "நம்ம ஆபீஸ்ல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது" என்பீர்கள். தபாலையும் டீ நேரத்தில் பிரித்து எல்லோருக்கும் படித்துக் காட்டுவீர்கள். பேங்க் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துணி வாங்கும் பார்ட்டி அனுப்பும் புகார் எல்லாம் ஒரே குரலில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலாளி அறைக்குக்கூடக் கதவு வைக்காத கம்பெனியை நான் பார்த்ததில்லை. பிறகு பிடித்தும் போனது. இப்போதும் அதில் நல்லது எதுவுமில்லை என்று சொல்ல மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நம்மிடம் வேலை செய்யும் ஒரு பெண், இங்குள்ள ஓர் ஆணால் தனக்கு நடப்பதை என்னிடம் சொன்னார். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் வைத்துச் சொன்னார். ஆபீஸில் அதற்கு இடம் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, "இது உங்களோட இருக்கட்டுங்க" என்றார். "இருக்கும்" என்றேன். அதனால்தான் நேற்று உங்களிடம், ஒரு புகார் இருக்கிறது, பெண்களுக்கான புகார்க் குழுவை மாற்றி அமைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அந்தக் கிளாசுல சொல்லிக்குடுத்த வேலையா இது?" என்றீர்கள். ஆமாம் என்பதே பதில்.

மனிதவளச் சான்றிதழுக்குப் படிக்கப் போகிறேன் என்று முதலில் சொன்னபோது உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வந்தால் காட்டலாம் என்று, தீயணைப்பு வரைபடத்துக்கும் குடிநீர்ச் சோதனை அறிக்கைக்கும் நடுவே ஆணி அடிக்க இடம்கூடப் பார்த்து வைத்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தப் பாடத்தின் முதல் பகுதியே, நம்பிச் சொன்னதை வெளியே சொல்வதில்லை என்பதுதான் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். இதெல்லாம் எனக்குச் சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். கூச்சத்தால் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம். பிறருக்காகச் சொல்லாமல் நிற்பது சுலபமாக இல்லை.

மூன்று வருடம் உங்களிடம் மனிதவள வேலையைச் செய்தேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வு எழுத முடியும். கடைசித் தேதி இம்மாத முடிவு. அந்தக் கையெழுத்து எனக்கு மிகவும் வேண்டும். ஆனால் பெயரைச் சொல்ல மாட்டேன்.

பணிவுடன்,
அர்ஃபா


குமாரபாளையம்
11.1.2025

அம்மிணி அர்ஃபாவுக்கு மருதாசலம் எழுதுவது.

உன்ற கடிதாசி வந்தது. வழக்கம்போல டீ நேரத்தில் பிரிச்சுப் படிச்சேன். "சத்தமாகப் படிக்க வேண்டாம்" என்கிற வரியையும் சத்தமாத்தான் படிச்சேன். அப்பவும் எனக்கு உறைக்கலை. அடுத்த வரிக்குப் போயிட்டேன். ஆபீசு மஞ்சுளா வந்து கையைப் புடிச்சு, "ஐயா, அதைத்தான் வேண்டாங்குது அந்தப் புள்ள" என்றாள். ஒரே சிரிப்பு. பேக்கிங் தர்ஷன் டீயைச் சட்டையில ஊத்திக்கிட்டான். மிச்சத்தை ஊட்டுக்குப் போய்ப் படிச்சேன். எனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போச்சு. பேசறாப்பலதான் எழுத வருது.

எனக்குக் கோபம் அடங்கலை. ஒளிக்காமச் சொல்றேன்.

இந்தக் கம்பெனியை நாலு தறியில ஆரம்பிச்சேன். இன்னிக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் கப்பல் ஏறிப் போகுது. ஒரு ஆளைக்கூட சர்ட்டிபிகேட் பார்த்து எடுத்ததில்லை. யாராச்சும் ஒருத்தர் வந்து, "இது நம்ம புள்ளைங்க, நான் பொறுப்பு" என்று சொல்லோணும். அந்தச் சொல்லுதான் எனக்குப் பத்திரம். வேலைக்கு வந்தவங்க கிட்டக் கோளாறுன்னாலும் சரி, வந்தவங்களுக்கே ஒரு குறைன்னாலும் சரி, முதல்ல சொல்லிவிட்டவரைத்தான் கூப்பிடுவேன். அவரு வருவாரு, நடுவுல உக்காந்து பேசித் தீர்த்துப்போட்டுப் போவாரு. இதுவரைக்கும் போலீசு, கோர்ட்டு, யூனியன்னு எதுவும் இந்த வாசலுக்கு வந்ததில்லை.

நீ சொல்ற குழு நம்மகிட்ட இல்லையா? சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குதே! என்ற தங்கச்சி பாவாயிதான் தலைவி. போன ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மா அவளோட போட்டோகூட எடுத்துக்கிட்டுப் போச்சு. எந்தப் புள்ளையா இருந்தாலும் பாவாயிகிட்டச் சொல்லலாமே. அவ பெத்தவளுக்கு மேல பார்த்துக்குவா. தையல்ல நூறு பொண்ணுங்க நிம்மதியா வேலை பார்க்கறாங்கன்னா அவளால. தர்ஷன் அவ மகன்தான். அவனுக்குக்கூட இத்தனை பாசம் காட்டமாட்டா.

சொல்லிவிட்டவரைக் கூப்பிடற வழக்கப்படி உன்ற விசயத்திலும் கூப்பிட்டேன். உன்னை யாரு சொல்லி எடுத்தேன்? உன்னைப் பெத்தவரு, சேலத்துல நூல் கடை பரக்கத் அலி பாய் சொல்லி. முந்தாநாள் உங்க அத்தாவுக்குப் போன் போட்டேன். "என்னங்க பாய், உங்க புள்ள எங்கிட்டப் பேச மாட்டேங்குது" என்றேன். அவரு சொன்னாரு: "அது எங்கிட்டயே பேசாதுங்க, உங்ககிட்ட எங்க பேசும்!" ஆபீசே சிரிச்சுது. நல்ல மனுசன். உனக்குப் புத்தி சொல்றேன்னு சொல்லியிருக்கறாரு.

அம்மிணி, நீ எங்க ஊட்டுப் பொண்ணு. ஊட்டுல ஒருத்தி அழுதா யாருன்னு அப்பனுக்குத் தெரிய வேண்டாமா? தெரியாம எப்படித் தீர்க்கறது? ஏதோ கிளாசுல சொன்னாங்கன்னு என்னை அந்நிய ஆளு மாதிரி நிறுத்திப்போட்டயே. அதுதான் எனக்கு ஆறலை.

பேரைச் சொல்லு. அரை நிமிசத்துல கையெழுத்து.

நூல் லாரியில குடுத்துவிடறேன். அத்தா கடையில வாங்கிக்க.

மருதாசலம்


கோட்டை, சேலம்
18 ஜனவரி 2025

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையை ஒட்டாமலே கொடுத்திருந்தீர்கள். அத்தா கொண்டுவந்து தந்துவிட்டு, "நான் படிக்கலம்மா" என்றார். படித்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. படிக்கவில்லை என்று என்னிடம் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் வருத்தம்.

நீங்கள் போன் செய்த அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அத்தா மதியம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தவிர அந்த நேரத்துக்கு வருகிறவர் அல்ல. அம்மா சாப்பாடு போட்டார். அத்தா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "முதலாளிக்கு நான் என்ன சொல்லட்டும்மா?" நீங்கள் கேட்ட வேடிக்கைப் பேச்சு ஸ்பீக்கருக்காகப் பேசியது. வீட்டில் அவர் சிரிக்கவில்லை. உங்களிடம் நூல் கொடுத்து வாங்கும் உறவு அவருக்கு என் வயதைவிடப் பெரியது. மகளால் அது கெட்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். மகளைத் திட்டவும் மனம் வரவில்லை. நான் தப்பு எதுவும் செய்யவில்லை, ஐயா. ஆனாலும் அன்று அந்தத் தட்டுக்கு முன்னால், தப்புச் செய்தவளாக நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் அத்தா" என்றேன். "அப்ப முதலாளிகிட்ட ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று சொல்லிக் கையைக் கழுவினார். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்கு அப்படி ஓர் அத்தா. எல்லோருக்கும் அப்படிச் சொல்லிவிட்டவர் வாய்ப்பதில்லை.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். பதில் எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். என்னிடம் பேசிய அந்தப் பெண் நேராக உங்களிடம் வந்து சொல்லியிருந்தால், நீங்கள் முதலில் யாரைக் கூப்பிட்டிருப்பீர்கள்?

யாரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். நம் கம்பெனியில் யார், யார் சொல்லி வந்தவர் என்பது உங்களுக்கு மனப்பாடம்.

அந்நிய ஆள் மாதிரி நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். என் அண்ணன் பயாஸ் கல்யாணத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, பந்தியில் நீங்களே பரிமாறியதை மறக்க மாட்டேன். போன வருடம் சாயப்பட்டறை விபத்தில் கை போனவருக்கு, சட்டம் கேட்டதற்கு மேலேயே நீங்கள் செய்தீர்கள். அந்தக் காகிதங்களை எழுதியவள் நான். உங்களை நான் அந்நியராக நினைத்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதியிருப்பேன்.

ஊட்டுப் பொண்ணு என்கிறீர்கள். வீட்டுப் பெண்கள் தங்களுக்கு நடப்பதையெல்லாம் வீட்டில் சொல்லிவிடுகிறார்களா, ஐயா? வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் வெளியே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. உங்கள் கம்பெனியில் நான் அந்த வெளி ஆளாக இருக்க விரும்புகிறேன். அதற்குத்தான் படித்தேன். சுவரில் மாட்டுவதற்காகப் படிக்கவில்லை.

தேதி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் என் பதில் இதேதான்.

அர்ஃபா


குமாரபாளையம்
2.2.2025

அம்மிணி,

இந்தத் தடவை உறையை ஒட்டியிருக்கறேன். கோந்து போதலைன்னு பின்னும் அடிச்சிருக்குது. பிரிக்கறப்போ விரல் பத்திரம்.

உன்ற கடிதாசி வந்த அன்னிக்குப் படிச்சுப்போட்டு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. கேள்வி கேக்கறயே, பதிலும் எழுத வேண்டாம்கறயே, இது என்ன திமிருன்னு நினைச்சேன். சரி, ஊரறியக் கேட்டே போடலாம்னு, தையல் ஷிப்டு மாறற நேரம் ஹாலுக்குப் போனேன். பாவாயி எம்பக்கத்துல நின்னா. தர்ஷனும் நின்னான். "ஏனுங்க தாயிமாருங்களே, யாருக்காச்சும் ஏதாச்சும் குறை இருக்குதா? பயப்படாமச் சொல்லுங்க, தங்கச்சி பாவாயியும் இங்கதான் இருக்குது" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாங்க. எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க குட்மார்னிங் சொல்றாப்பல.

எனக்கு அந்தக் குரல் புடிக்கலை. நூறு பேர் இருக்கற இடத்துல குடிதண்ணி சரியில்லை, பேன் ஓடலைன்னுகூட ஒருத்தி சொல்லலை. எங்க ஊட்டுல மூணு பேர் இருக்கறோம், ஒரு நாளைக்கு முப்பது குறை வருது. ஒரு குறையும் இல்லாத மனுசக் கூட்டம் எங்க இருக்குது? ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கி எம்பக்கத்துல நின்னவங்களைப் பார்த்துட்டு மறுபடி கவுந்துக்கிட்டா. அவ யாருன்னு நான் உத்துப் பார்க்கலை. வேணும்னேதான் பார்க்கலை. பார்க்காம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

பொறவு உன்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்தேன். தையல்ல இருக்கற பொண்ணுங்க முக்காவாசிப் பேர் பாவாயி சொல்லி வந்தவங்க. எவ வந்து எதைச் சொல்லியிருந்தாலும் நான் முதல்ல பாவாயியைத்தான் கூப்பிட்டிருப்பேன். குழுவுன்னு போனாலும் அங்கயும் பாவாயிதான். அப்படின்னா பாவாயிகிட்டச் சொல்ல முடியாத சங்கதி எது? யாரைப் பத்தி அவகிட்டச் சொல்ல முடியாது?

எனக்கு ஒரே பதில்தான் வருது. நீ ஆமான்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். நான் கேக்கலை.

அவனைத் தோள்மேல போட்டுக்கிட்டுத் தறிச் சத்தத்துல தூங்க வெச்சவன் நான்.

அம்மிணி, இருபத்தஞ்சு வருசமாக் கதவில்லாம இருக்கறேன். யாரு வேணும்னாலும் வரலாம்னுதான் வெக்கலை. வந்தாங்க, கல்யாணத்துக்குக் கேட்டு வந்தாங்க, ஆஸ்பத்திரிக்குக் கேட்டு வந்தாங்க. இதைச் சொல்ல ஒருத்தரும் வரலை. நடந்ததே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

உன்ற பாடத்துல இதுக்கு வழி சொல்லியிருக்குதா? இருந்தா எழுது. வக்கீல் பாசையில வேண்டாம், எனக்குப் புரியறாப்பல எழுது.

விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கறேன். தேதி முந்தாநாளே முடிஞ்சுபோச்சுன்னு மஞ்சுளா சொல்றா. தப்பு என்னுதுதான்.

மருதாசலம்


கோட்டை, சேலம்
5 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் கேட்காத கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லை. இருவரும் அப்படியே இருப்போம்.

வழி இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது, பாடத்தில் கொஞ்சம் விளக்கமாக. முதலில் சுவரில் உள்ள அந்தக் கண்ணாடிப் படத்தைக் கழற்ற வேண்டும். ஆடிட்டுக்காகப் போட்ட குழு அது. இதுவரை ஒருமுறைகூடக் கூடியதில்லை. பாவாயி அம்மா அதில் இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் என்று சொல்லவில்லை. முதலாளி குடும்பத்தவர் யாருமே இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். செக்கிங் மலர்விழி அக்கா தலைவியாக இருக்கட்டும். நம் கம்பெனியில் அவர் ஒருவர்தான் யார் சொல்லியும் வராதவர். அந்தக் காலத்தில் நீங்களே போர்டு மாட்டி ஆள் எடுத்தபோது வந்தவர். யாருக்கும் பயப்படவும் மாட்டார்; உங்களிடமே துணி மட்டம் என்று சண்டை போடுகிறவர். வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்பது சட்டம். ஈரோட்டில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். நமக்குத் தெரிந்தவர் அல்ல. அதனால்தான் அவரைச் சொல்கிறேன்.

புகாரை எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்வார். குழு மாறியிருக்கிறது என்று மட்டும் நான் அவரிடம் சொல்வேன். அவர் வேண்டாம் என்றால் அதோடு சரி. உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும். எனக்கும்தான்.

கொடுத்தால், குழு இரண்டு பக்கமும் கேட்கும். அந்த ஆணின் தரப்பையும் முழுக்கக் கேட்டுத்தான் முடிவு. அவருக்கும் அநியாயம் எதுவும் நடக்காது, நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் விசாரணை முடியும்வரை நீங்கள் யாரையும் கூப்பிட்டுப் பேசக் கூடாது, பாவாயி அம்மாவையும். உங்களுக்கு இதுதான் இருப்பதிலேயே கடினம். வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க வேண்டும். நான் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வாரம்தான் தாங்காது.

எனக்கு ஓர் அறை வேண்டும். பெரியதாக வேண்டாம். பழைய நூல் சேம்பிள் வைத்திருக்கும் இடமே போதும். கதவு வேண்டும்.

தேதி போனதற்கு வருந்த வேண்டாம். வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். முப்பத்தொன்றாம் தேதி மாலை கோட்டை நூலகத்தில் போய் உட்கார்ந்து, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் அடுத்த தேர்வு ஜூலையில் இருக்கிறது. கையெழுத்துக்குத் தேதி போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் புதியதாக இன்னொன்று வேண்டும். அப்போதும் போடுவீர்களா என்று கேட்க மாட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன்.

அர்ஃபா

பி.கு.: கோந்து நன்றாகவே ஒட்டியிருந்தது. உறையைக் கிழிக்க வேண்டியதாயிற்று. அத்தா, "முதலாளி இப்படியெல்லாம் ஒட்ட மாட்டாரே" என்றார்.


கோயம்புத்தூர்
10.8.2025

அம்மிணி,

முட்டி ஆபரேசன் முடிஞ்சு மகள் ஊட்டுல கெடக்கறேன். கிருத்திகா நடக்கச் சொல்றா, நான் உக்காரச் சொல்றேன், அப்படியே ஓடுது. போன்ல பேசினா நீ பிடி கொடுத்துப் பேச மாட்டே, அதனால எழுதறேன்.

அந்தப் புள்ள குழுகிட்ட எழுதிக் குடுத்ததுல இருந்து நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். உன்னையவிட எனக்குத்தான் குறைவாத் தெரியும். ஏப்ரல்ல குழு முடிவு வந்தப்போ மலர்விழி காகிதத்தைக் கொண்டுவந்தா. அந்தப் புள்ளையோட பேரு இருக்கற பக்கத்தை எனக்குக் காட்டாதே, என்ன செய்யோணும்னு இருக்கற பக்கத்தை மட்டும் குடுன்னு வாங்கினேன். அதுல என்ன எழுதியிருந்துச்சோ, ஒரு எழுத்து மாத்தாமச் செஞ்சேன். தர்ஷனை வேலையை விட்டு நிறுத்தினேன். அவனே எங்கிட்ட வந்து, "மாமா, எழுதிக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாதுன்னேன். என்ற வாழ்நாள்ல இந்தக் கம்பெனி விசயத்துல ஒருத்தர் ஒண்ணு கேட்டு, எனக்குத் தெரியாதுன்னு நிசமாவே சொன்னது அதுதான் முதல் தடவை.

பாவாயி இன்னும் பேசறதில்லை. ஆபரேசனுக்கு வந்தா. தலைமாட்டுல நின்னா. கஞ்சி ஊத்திக் குடுத்தா. பேசலை. அவளுக்கு நான் என்ன சொல்றது? நியாயம் செஞ்சேன்னா? அவ மகன்.

இன்னிவரைக்கும் அந்தப் புள்ள யாருன்னு எனக்குத் தெரியலை. மண்டை குடையுது. நான் கெஞ்சினாலும் சொல்லிப்போடாதே.

இங்க கிருத்திகாவோட ஊட்டுக்காரர் ஒரு கம்பெனியில பெரிய மேனேஜர். அவங்க கம்பெனியில எல்லாருக்கும் இந்தச் சர்ட்டிபிகேட் இருக்குதாம், பேருக்குப் பின்னால போட்டுக்கறாங்களாம். "மாமா, உங்க கம்பெனிக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று சிரிச்சாரு. "உங்களுது பேருக்குப் பின்னால இருக்குது, எங்க புள்ளைக்கு வாய்க்கு முன்னால பூட்டா இருக்குது" என்றேன். அவருக்குப் புரியலை. உனக்குப் புரியும்.

ஜூலைப் பரிட்சை என்னாச்சு? நீயாச் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன்.

மருதாசலம்


குமாரபாளையம்
1 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கலாம். கிருத்திகா அக்காவும் கேட்கட்டும்.

ஜெர்மனி பார்ட்டியின் சரக்கு சனிக்கிழமை போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று. மலர்விழி அக்கா துணி மட்டம் என்று ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்; நீங்கள் இருந்திருந்தால் பெரிய சண்டை நடந்திருக்கும். டீ நேரத்தில் தபாலை இப்போது மஞ்சுளா அக்கா படிக்கிறார். பெயர் எழுதிய உறைகளை அவரவரிடம் கொடுத்துவிடுகிறார். கல்யாணப் பத்திரிகைகளை மட்டும் உங்கள் குரலிலேயே படித்துக் காட்டுகிறார். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

வேலைக்கு ஆள் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள் என்று மஞ்சுளா அக்கா சொன்னார். இன்னும் ஒருவர் சொல்லித்தான் எடுக்கிறோம். அதை நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சேர்ந்த நாளிலேயே புதியவரிடம், உங்களைச் சொல்லிவிட்டவருக்கு இனி இதில் வேலையில்லை, எதுவானாலும் நீங்களே வரலாம் என்று சொல்கிறேன். சிலர் நம்புவதில்லை. நான் மறுபடி சொல்கிறேன்.

ஜூலைத் தேர்வில் தேறவில்லை. சம்பளச் சட்டப் பகுதியில் குறைந்துவிட்டது. ஜனவரியில் மறுபடி எழுதுகிறேன். இரண்டாம் முறை எழுதுகிறவர்கள் முதலாளியிடம் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. நீங்கள் மே மாதம் போட்டதே போதும். முடிவு வந்த அன்றைக்கே அத்தாவிடம் சொல்லிவிட்டேன். "நீயாச் சொல்றியே, அதுவே பெருசு" என்றார்.

சேம்பிள் ரூமுக்குப் பிப்ரவரியில் கதவு வைத்தோம். ஆசாரி பழைய தறி மரத்தில் செய்தார். முதல் மூன்று மாதம் யாரும் வரவில்லை. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருவர் வந்தார். போன வாரம் இன்னொருவர் வந்தார். என்ன விஷயம் என்று எழுத மாட்டேன். உள்ளே வந்ததும் திரும்பி, கதவை அவரே சாத்தினார்.

பணிவுடன்,
அர்ஃபா